ஸ்ட்ரீட் ஹாக்கும் ரெக்ஸ் ஸ்மித்தும்: திருநெல்வேலிச் சீமையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ கருப்பு பைக் ஒன்று உறுமிக்கொண்டு போனால், ஐம்பதைத் தொட்ட யாராவது ஒருவர் "ஸ்ட்ரீட் ஹாக் கணக்கா போறாம் பாரு" என்பார். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. அந்தப் பிள்ளைகளும், அந்தக் காலத்தில் அரைகுறையாகப் பார்த்துவிட்டு மீதிக் கதையைத் தேடுகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. அதனால் சில பதில்கள் நீளும்.

ஸ்ட்ரீட் ஹாக் என்றால் என்ன?

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1985 ஜனவரி 4 அன்று தொடங்கி அதே ஆண்டு மே மாதத்தில் முடிந்துபோன சாகசத் தொடர். யுனிவர்சல் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒரு மனிதன், ஒரு மோட்டார் சைக்கிள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் இரவு. அவ்வளவுதான் அதன் உலகம். ரெக்ஸ் ஸ்மித் கதாநாயகன். சில ஆண்டுகள் கழித்து தூர்தர்ஷன் வழியாக நம் வீடுகளுக்கு வந்தது.

கதையைச் சொல்லுங்கள். நாங்கள் பார்த்தபோது பாதி புரியவில்லை.

ஜெஸ்ஸி மாக் என்ற இளைஞன் மோட்டார் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரன். வேகம் என்றால் உயிர். முதல் கதையிலேயே பகைவர்கள் அவனையும் அவன் நண்பனையும் தாக்குகிறார்கள். நண்பன் செத்துப்போகிறான், ஜெஸ்ஸியின் முழங்கால் நொறுங்குகிறது. இனி வண்டி ஓட்ட முடியாது என்று சொல்லி, மக்கள் தொடர்புப் பிரிவில் ஒரு மேசையைக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். ஓடிக்கொண்டே இருந்தவனை நாற்காலியில் கட்டிப்போட்டது போல.

அப்போதுதான் நார்மன் டட்டில் வருகிறார். மத்திய அரசின் ரகசியத் திட்டம் ஒன்றுக்காக வண்டி ஒன்றைச் செய்து வைத்திருக்கும் பொறியாளர். காலைச் சரிசெய்து தருகிறேன், பதிலுக்கு நீ இந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்று அழைக்கிறார். பகலில் மேசை வேலை, இரவில் கருப்பு ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டுக்குள் இருப்பது ஜெஸ்ஸி என்று நார்மனைத் தவிர யாருக்கும் தெரியாது. மேலதிகாரியான கேப்டன் ஆல்டோபெல்லியோ, சட்டத்தைக் கையில் எடுக்கும் இந்தக் கருப்பு வண்டிக்காரனைப் பிடித்தே தீருவேன் என்று அலைகிறார். தான் தேடுகிறவன் தன் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

நார்மனாக நடித்தவர் ஜோ ரெகல்புட்டோ. எனக்கு இந்தத் தொடரின் உயிரே அவர்தான் என்று தோன்றும். இவன் பறக்கப் பார்ப்பான், அவர் "மெதுவா, மெதுவா" என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து பதறுவார். தன் கையால் செய்த பொருளை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுத் தவிக்கிற மனுஷனை இவ்வளவு நன்றாக நடித்துக் காட்டியவர்கள் குறைவு.

மொத்தமே 13 அத்தியாயங்கள்தானா? வருஷக்கணக்கில் பார்த்த மாதிரி இருக்கிறதே?

13தான். அதில் முதலாவது சினிமா போல நீளமானது. வருஷக்கணக்கில் பார்த்த மாதிரி இருப்பதற்குக் காரணம், நாம் அதை டிவியில் மட்டும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் ஆற்றங்கரையிலும் வாடகை சைக்கிளிலும் அடுத்த அத்தியாயங்களை நாமே நடத்தினோம். ஒரு அத்தியாயத்தைப் பார்க்காமல் விட்டவனுக்கு இன்னொருவன் கதை சொல்லும்போது, நடக்காததையும் சேர்த்துத்தான் சொன்னான். அப்படிக் கேட்ட காட்சிகள் பல இன்றுவரை பார்த்த காட்சிகளாகவே மனதில் தங்கியிருக்கின்றன.

இவ்வளவு நல்ல தொடரை ஏன் நிறுத்தினார்கள்?

வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குப் போட்டார்கள். அதே நேரத்தில் சிபிஎஸ் சேனலில் 'டாலஸ்' ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பணக்காரக் குடும்பத்தின் சண்டை சச்சரவுகளைச் சொன்ன அந்தத் தொடர்தான் அன்றைய அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பேச்சு. அதன் எதிரில் புதுத் தொடர் எதுவும் தாக்குப்பிடிப்பது கடினம். பார்ப்பவர் எண்ணிக்கை போதவில்லை, ஒரே பருவத்தில் மூடிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் அதிசய வாகனத் தொடர்கள் வரிசை கட்டி நின்றன. பேசும் காருக்கு 'நைட் ரைடர்' 1982லேயே வந்துவிட்டது. 1984இல் ஹெலிகாப்டருக்கு 'ஏர்வுல்ஃப்', 'ப்ளூ தண்டர்' என இரண்டு. ஸ்ட்ரீட் ஹாக் அந்த வரிசையின் கடைசியில் வந்தது. அங்கே அலுத்துப்போயிருந்த விஷயம், இங்கே நமக்கு முதல் தடவை.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அங்கே டாலஸுக்கு முன்னால் தோற்றுப்போன தொடர் அது. நம் வீட்டில் அந்த நேரத்துக்கு வேறு சேனலே கிடையாது. அதனால் எந்தப் போட்டியும் இல்லாமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் முழுக் கவனமும் அதற்குக் கிடைத்தது. எந்தப் பெரிய தொடருக்கும் கிடைக்காத பாக்கியம் அது.

திருநெல்வேலியில் அப்போது டிவி எப்படித் தெரிந்தது?

இன்றைய பிள்ளைகளுக்கு இதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியும், அதன் அலை நம் பக்கம் எட்டியதில்லை. தென்கோடிக்காரர்களுக்கு முதலில் கிடைத்தது கடல் தாண்டி வந்த இலங்கையின் ரூபவாஹினி. 1982இல் தொடங்கிய அந்த நிலையத்தின் ஒளிபரப்புக் கோபுரம், இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகல மலைமேல் இருக்கிறது. திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளைப் பக்கம் மொட்டைமாடிக்கு மேல் மூன்று நான்கு ஆள் உயரத்துக்கு இரும்பு பைப் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் மாட்டிப் பார்ப்பார்கள். வெக்கையான நாட்களில் பொழுது சாய்ந்தபின் படம் துல்லியமாக வரும். கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது அலைகள் மேலே தப்பிப் போகாமல் வளைந்து தொலைவுக்கு வந்துவிடும் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம். அப்போது "இன்னைக்குக் கடக்காத்து நல்லாருக்கு, சிலோன் கிளியரா வரும்" என்பதோடு சரி.

பிறகு கொடைக்கானல் கோபுரம் வந்தது. திருநெல்வேலிக்கு நேர் வடக்கே சுமார் 170 கிலோமீட்டர். கிழக்கு பார்த்து நின்ற ஆன்டெனாக்கள் எல்லாம் வடக்கே திரும்பின. தூரம் தூரம்தானே, காற்றடித்தால் போதும், படம் போய்விடும். ஒருவர் மாடியில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஒருவர் முற்றத்தில் நடுவில் நின்று குரல் கொடுப்பார், ஒருவர் டிவி முன்னால்.

"ஏலே, வருதா?"

"புள்ளி புள்ளியா வருது. இன்னுங்கொஞ்சம் திருப்பு!"

"இப்போ?"

"நில்லு நில்லு, அங்கனயே நிப்பாட்டு!"

ஆன்டெனாவைத் திருப்பப் போனவர் இறங்கி வருவதற்குள் தலைப்பு இசை முடிந்திருக்கும். காக்கா வந்து உட்கார்ந்து கம்பி அசைந்து, மறுபடி ஏறியவர்களும் உண்டு. பைப்பிலிருந்து ஜன்னல் வழியாக இறங்கும் அந்தத் தட்டையான ரிப்பன் வயர் சுவரில் உரசிக்கொண்டிருந்தால் படம் இரட்டையாகத் தெரியும். ஜெஸ்ஸிக்குப் பக்கத்தில் நிழலாக இன்னொரு ஜெஸ்ஸி ஓட்டிக்கொண்டு வருவான்.

வளவுக்கு ஒரு டிவி இருந்தால் பெரிது. எங்கள் வளவில் அண்ணாச்சி ஒருவர் வீட்டுத் தார்சாவில் டயனோரா டிவி, இழுத்து மூடும் கதவுள்ள மரப்பெட்டிக்குள் இருக்கும். அவர் பூட்டைத் திறந்து, இரண்டு கதவையும் மெல்ல இரண்டு பக்கமும் தள்ளுவார். மதினி குத்துவிளக்கைத் தள்ளி வைப்பார்கள். பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் பெஞ்சில், இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில். நல்ல கட்டத்தில் "கரண்ட் போய்ட்டு" என்றால் அந்த வாரம் அவ்வளவுதான். மறு ஒளிபரப்பு, பதிவு ஒன்றும் கிடையாது.

ஆங்கிலத் தொடராயிற்றே, மொழி புரியாமல் எப்படி ரசித்தீர்கள்?

இந்தித் தொடர்களைவிட இதுதான் எங்களுக்கு எளிதாக இருந்தது. இந்தியில் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு புரியாவிட்டால் தொடரே புரியாது. இங்கே யார் கெட்டவன் என்று முகமே சொல்லிவிடும், எப்போது ஆபத்து என்று இசை சொல்லிவிடும், மிச்சத்தை வண்டி பார்த்துக்கொள்ளும். அந்த வீட்டு ஆச்சிக்கு ஏ பி சி டி தெரியாது. ஆனால் "அந்த மூக்குக் கண்ணாடிக்காரன் தங்கமான பய, வண்டிக்காரன்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கான்" என்று நார்மனுக்காகப் பரிந்து பேசுவாள். தொடரின் சாரமே அதுதான்.

அந்த வண்டி உண்மையா? நிஜமாகவே அவ்வளவு வேகம் போகுமா?

வண்டி உண்மை, வேகம் கதை. ஹோண்டாவின் எக்ஸ்எல் 500, எக்ஸ்ஆர் 500 போன்ற, மேடு பள்ளத்துக்கென்றே செய்த வண்டிகளின்மேல் கருப்புக் கூடு பொருத்தி உருவாக்கியது. வடிவமைத்தவர்களில் ஆண்ட்ரூ புரோபர்ட் முக்கியமானவர். பிற்பாடு 'ஸ்டார் டிரெக்' தொடரின் புதிய விண்கலத்துக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. ஒன்றல்ல, பல வண்டிகள் செய்தார்கள்: கிட்டத்தில் காட்ட ஒன்று, தாவ ஒன்று, விழுந்து உடைய ஒன்று.

கதைப்படி அதன் உச்ச வேகம் மணிக்கு 300 மைல், அதாவது சுமார் 480 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு 'ஹைப்பர்த்ரஸ்ட்' என்று பெயர். அப்போது ஓட்டுகிறவன் கையில் முழுப் பொறுப்பும் இருக்காது, நார்மனின் கணினி பாதையைப் பார்த்து வழிநடத்தும். திருச்செந்தூருக்கு ஏழரை நிமிஷம் என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருந்தோம். சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். இராத்திரி முழுக்க ரயிலில் போன ஊர் அது.

படமாக்கிய விதம் எளிமையானது. கேமராவை மெதுவாக ஓடவிட்டு எடுத்த காட்சியை வழக்கமான வேகத்தில் ஓட்டினால் தெருவிளக்குகள் கோடு கோடாகப் பறக்கும். கணினி வரைகலை இன்னும் பிள்ளைப் பருவத்தில் இருந்த காலம். தாவுகிற வண்டியில் நிஜமாகவே ஒரு சண்டைக் கலைஞர் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் முகத்தை மறைத்தது கதைக்கும் உதவியது, அவர்களுக்கும் உதவியது. அவர்கள் செய்த வேலைக்கு நான் இன்றும் எழுந்து நின்று கைதட்டுவேன்.

அந்தத் தலைப்பு இசை யாருடையது?

டேஞ்சரின் ட்ரீம். எட்கர் ஃப்ரோஸ 1967இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய மின்னணு இசைக்குழு. தலைப்பு இசை அவர்களுடைய 1985ஆம் ஆண்டின் 'லெ பார்க்' தொகுப்பில் இருக்கிறது. கல்யாண வீட்டு மைக் செட்டும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த காதுக்கு, மனிதர் வாசிக்கிறார்களா எந்திரம் வாசிக்கிறதா என்று தெரியாத அந்த ஒலி புதிதாக இருந்தது. இன்று கேட்டாலும் அது பழசாகவில்லை. தொடரில் எதுவும் நினைவில்லாதவர்கள்கூட அந்த மெட்டை வாயால் போடுவார்கள்.

ரெக்ஸ் ஸ்மித் யார்? இந்தத் தொடரோடு காணாமல் போய்விட்டாரா?

காணாமல் போகவில்லை. அவர் வேறு ஒரு மேடையின் ஆள். அது நமக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

1955இல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்தவர். அடிப்படையில் பாடகர். அவருடைய அண்ணன் மைக்கேல் லீ ஸ்மித்தும் 'ஸ்டார்ஸ்' என்ற ராக் குழுவில் பாடியவர். ரெக்ஸும் ராக் குழுவில்தான் தொடங்கினார். 1979இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பாடகனாகவே நடித்து, அதில் அவர் பாடிய காதல் பாட்டு அமெரிக்கப் பாட்டு வரிசையில் 10ஆம் இடம் வரை ஏறியது. இளம்பெண்கள் சுவரில் படம் ஒட்டி வைக்கிற அளவுக்குப் பெயர்.

அடுத்தது நாடக மேடை. நியூயார்க்கின் பிராட்வே என்பது அவர்களுக்குப் பெரிய சபை. அங்கே பாடி நடிப்பவர்களுக்கு இரண்டாவது 'டேக்' கிடையாது, நம் கூத்துக் கலைஞர்களைப் போல. 'தி பைரேட்ஸ் ஆஃப் பென்ஸான்ஸ்' என்ற பழைய இசை நாடகத்தை 1980இல் சென்ட்ரல் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் புதிதாக மேடையேற்றினார்கள், மறு ஆண்டு அது பிராட்வேக்குப் போனது. கெவின் க்ளைன், லிண்டா ரான்ஸ்டாட் ஆகியோரோடு ரெக்ஸ்தான் அதில் இளம் நாயகன். புதிய மேடைக் கலைஞர்களுக்கான தியேட்டர் வேர்ல்ட் விருது அவருக்குக் கிடைத்தது. 1983இல் அது சினிமாவானபோதும் அவரே நடித்தார்.

அதன் பிறகுதான் ஸ்ட்ரீட் ஹாக். எண்ணிப் பாருங்கள். குரலால் பெயர் வாங்கிய ஒருவரை, குரலுக்கு வேலையில்லாத, முகத்தையும் ஹெல்மெட் மறைக்கிற ஒரு பாத்திரத்தில் நாம் சந்தித்தோம். அவர் பாடுவார் என்றே நம்மில் யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் அவரை நமக்குப் பிடித்தது. அலுவலகத்தில் மேசை வேலை பார்க்கும் காட்சிகளில் அவர் கண்ணைப் பாருங்கள். உடம்பு உட்கார்ந்திருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே ஓடும். ஓட்டத் தெரிந்தவனை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை வசனம் இல்லாமல் சொல்லிவிடுவார்.

1989இல் 'தி ட்ரயல் ஆஃப் தி இன்கிரெடிபிள் ஹல்க்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் டேர்டெவில் என்ற படக்கதை நாயகனாக வந்தார். அந்த நாயகனுக்குத் திரையில் முதன்முதலாக உயிர்கொடுத்தவர் இவர்தான். பகலில் கண் தெரியாத வக்கீல், இரவில் கருப்பு உடை. மறுபடியும் இரட்டை வாழ்க்கை, மறுபடியும் முகமூடி. பின்னர் பகல்நேரத் தொடர் ஒன்றில் நடித்தார், இசை நாடகங்களில் நெடுநாள் பாடினார். 1990களில் 'சன்செட் புலவார்ட்', 'தி ஸ்கார்லெட் பிம்பர்னல்' இரண்டிலும் முக்கியப் பாத்திரங்கள் அவருக்கு. ஒரு தொடர் நின்றதால் விழுந்துபோன நடிகர் என்று யாராவது அவரைப் பற்றிச் சொன்னால், அது தவறு.

ஜார்ஜ் க்ளூனி இதில் நடித்தாராமே?

ஆமாம். இரண்டாவது அத்தியாயத்தில் ஜெஸ்ஸியின் பழைய நண்பன் கெவின் ஸ்டார்க்காக வருகிறார். அப்போது அவர் யாரென்று அங்கேயே தெரியாது. 'ஈஆர்' தொடர் அவரைப் பெரிய ஆளாக்கியது 1994இல்தான். முதல் கதையின் வில்லன் கிறிஸ்டோபர் லாய்ட். அதே 1985இல் காலப்பயண சினிமா ஒன்றில் கிறுக்கு விஞ்ஞானியாக உலகமெங்கும் பெயர் வாங்கியவர்.

நைட் ரைடரா, ஸ்ட்ரீட் ஹாக்கா?

நைட் ரைடர் நான்கு பருவம் ஓடியது, பணமும் புகழும் அதற்குத்தான் அதிகம். என் ஓட்டு ஸ்ட்ரீட் ஹாக்குக்கு. பேசும் காரில் நாயகனுக்குக் கூரை உண்டு, துணைக்குக் கார் உண்டு. வண்டிமேல் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதுவும் இல்லை. விழுந்தால் அடி அவனுக்குத்தான். அதோடு, கார் நம் யாருக்கும் எட்டாத பொருள். இரண்டு சக்கரம் எல்லோருக்கும் எட்டும்.

ஊர்ப் பிள்ளைகள் இதை வைத்து என்னதான் செய்தார்கள்?

வாடகை சைக்கிள் கடையில் மணிக்கணக்குக்குச் சின்ன சைக்கிள் எடுப்போம். பின்சக்கரத்துப் போர்க்கில் ஊதின பலூனைக் கட்டினால், கம்பியில் உரசி 'பட பட பட' என்று மோட்டார் சத்தம் வரும். பலூன் வெடித்ததும், கெட்டி அட்டையை மடித்துச் செருகுவோம். ஹேண்டில்பாரில் பழைய டார்ச் லைட்டைக் கட்டினால் அது லேசர். ஒருவன் ஓட்டுவான், ஒருவன் நார்மனாகத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டைப் பார்த்து "வலது பக்கம் திரும்பு, எதுக்க பஸ்ஸு வருது" என்று கத்துவான். நார்மனாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை, அதனால் முறை வைத்துக்கொண்டோம்.

குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றுக்கு இறங்கும் சரிவுதான் ஹைப்பர்த்ரஸ்ட். பிரேக்கில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேரி இருந்தது. அந்தச் செம்மண் மேட்டில் சைக்கிள் ஏறாது. உருட்டி மேலே கொண்டுபோய் இறங்கினால் முன்சக்கரம் புதைந்து ஆள் மட்டும் பறப்பான். எந்த நிலத்திலும் ஓடும் வண்டி என்று சொன்னார்களே, அதைத் தேரியில் ஓட்டிக் காட்டியிருந்தால் அந்தத் தொடருக்கு எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. பனைமரங்களுக்கு நடுவே கருப்பு வண்டி, செம்மண் புழுதி!

பெரிய அண்ணன்மார் சிலர் கல்லூரி முடித்து ஆர்எக்ஸ் 100 வாங்கியதற்கும் இந்தத் தொடருக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் துணிபு. கேட்டால் மைலேஜ் என்பார்கள். அந்த வண்டியை யாரும் மைலேஜுக்காக வாங்கியதில்லை.

இப்போது பார்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்கலாம்?

முழுத் தொடரும் 2010இல் அமெரிக்காவில் டிவிடியாக வந்தது. முதல் கதையிலிருந்து வரிசையாகப் பாருங்கள். நண்பனின் சாவும் முழங்கால் காயமும் தெரியாமல் நடுவில் நுழைந்தால் ஜெஸ்ஸி வெறும் வண்டிக்காரனாகத் தெரிவான். அடுத்தது க்ளூனி வரும் கதை. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு கதைகள் இளைத்துத்தான் இருக்கும். அங்கே ஜெஸ்ஸிக்கும் நார்மனுக்கும் நடக்கும் வாக்குவாதங்களுக்காகப் பாருங்கள். பார்த்து முடித்ததும் ரெக்ஸ் ஸ்மித் பாடியதை ஒருமுறை தேடிக் கேளுங்கள். பென்ஸான்ஸ் நாடகத்தின் பாட்டுகளிலிருந்து தொடங்கலாம்.